சவக்காலைக்குப் போய்வந்த பின்னேரம்

அடுத்தவர் கதையைத் துருவி விடுப்புக் கேட்பதில் எங்கள் யாழ்ப்பாணத்து ஆக்களை யாரும் மிஞ்ச முடியாது. பலெர்மோவின் பொலிதேயாமாப் பக்கம் நான் பார்த்துக்கொள்ளும் வயதான சின்யோரா அமெரிக்காவில் பிறந்தவர் என்று தெரிந்ததும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பல்லரோச் சந்தையில் வாங்கிவந்த கத்தரிக்காயை நறுக்கிக்கொண்டே கேட்டேன்.

"அமெரிக்காவிலை எவடம்?"

டெக்சஸில் ஒரு கவுண்டியாம், எங்கள் மாவட்டம் மாதிரி. நாங்கள் கதைப்பது இத்தாலியனில். என் நினைவில் நிற்பதென்னவோ எங்கள் தமிழில்தான். சிசிலியிலிருந்து கப்பலேறிப் போன சனத்துக்கு, வெள்ளத்துக்குப் பயந்து மற்றவர்கள் கைவிட்ட ஆற்றங்கரைக் காணிகள்தான் கிடைத்தனவாம். அதில் பருத்தி போட்டிருக்கிறார்கள். ரயிலால் முளைத்த ஊர்கள் ரயில் நின்றதும் படுத்துவிட்டன.

"என்ரை தங்கச்சி அங்கைதான் கிடக்கிறாள்," என்றார் ஒருநாள்.

காய்ச்சலில் போன சின்னப்பிள்ளை. அவளை அங்கே புதைத்துவிட்டுக் குடும்பம் பலெர்மோவுக்குத் திரும்பியிருக்கிறது. சாகுமுன் ஒருதரம் அவளிடம் போய்வர வேண்டும், அதுதான் சின்யோராவின் ஆசை. பிளேன் ஏறவே கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

நான் போனில் மேப்பைத் திறந்தேன். மேப்புக்குப் படம்பிடித்த கார் ஓடிய ரோட்டில் எல்லாம் நாங்களும் போனோம். ஓர் ஊரில் தண்ணீர்த் தாங்கியும் தபால் கந்தோரும் மட்டும். இன்னொன்றில் பூட்டிக் கிடந்த வங்கி வாசலில் ஒரு நாய்.

"இஞ்சை ஆர் இருக்கினம்? என்னத்தைச் சாப்பிடுகினம்?"

"வாயை மூடிக்கொண்டு நேரை போ."

சிலுவை வைத்த வெள்ளைக் கோயிலடியில் இடப்பக்கம் திருப்பச் சொன்னார். கல்லறைகள் தெரிந்தன, சவக்காலை வந்தது. கார் உள்ளே போகவில்லை; இரும்புப் படலையோடு ரோட்டும் முடிந்தது.

"அந்தப் பெரிய மரத்துக்குக் கீழை," என்று மரத்தை விரலால் தடவினார்.

பிறகு நான் போய்த் தலைக்குத் தோய்ந்தேன். சவக்காலைக்குப் போய்வந்தால் தோயாமல் வீட்டில் புழங்க மாட்டோம். போனுக்குள் போனது கணக்கில்லை என்று மூளைக்குத் தெரியும், மனம் கேட்கவில்லை.

"என்ன, இந்த நேரத்திலை தலை ஈரம்?"

காரணத்தைச் சொன்னேன். சிரிக்கப்போகிறார் என்று நினைத்தேன். சின்யோரா சிரிக்கவில்லை.

"அப்ப, நாங்கள் மெய்யாவே போய் வந்திருக்கிறம்."

"ஓம், சின்யோரா."

கொண்டை ஊசிகளை ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினார்.

"எனக்கும் தலைக்குத் தண்ணி வார்."