கஞ்சிக் குழியின் முதற்காய்

ஸ்கந்தபுரத்தில் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குச் சமயமும் சுற்றாடலும் கற்பித்துக்கொண்டிருந்தேன். ஊர்ப் பிள்ளைகளும் இடம்பெயர்ந்து வந்தவர்களுமாக எங்கள் ஓலைக் கொட்டில் நிறைந்திருக்கும். காலையில் பதிகம் பாடுவோம். இடைவேளையில், பெற்றோர் முறைவைத்துக் காய்ச்சித் தரும் இலைக்கஞ்சி வரும். பதிகத்துக்கு அகலத் திறந்த வாய்கள் கஞ்சியைக் கண்டதும் இறுகிவிடும்.

“சேர், அடியிலை ஒரே இலை. கைக்குது,” என்று தகரப் பேணியைச் சரித்துக் காட்டுவார்கள். நான் திரும்பியதும் அது வேலியோரத்தில் கவிழும்.

அங்கே ஈ மொய்ப்பதைக் கண்டபின், உணவு வீண்போதல் பற்றிய பாடத்தை அந்த வேலியோரத்திலேயே நடத்தினேன். எல்லோருமாக ஒரு குழி வெட்டினோம். மிஞ்சிய கஞ்சியும் சருகும் அடுப்புச் சாம்பலும் அதில் மாறி மாறி விழுந்தன. மண் கறுத்துப் பொலபொலத்தது. மாரி மழை தொடங்கியதும் அதில் பூசணி விதை ஊன்றினோம். கறிக்கு வெட்டிய பூசணியின் விதையை வீட்டுக் குசினியிலிருந்து கொண்டுவந்த சிறுமி, எவரும் நியமிக்காமலே கொடிக்குக் காவலானாள். பிஞ்சு பிடித்த அன்று, “முதற்காய் பிள்ளையாருக்கு. தைப்பூச அன்னதானத்தில் கறியாகட்டும்,” என்றேன். மாலைக்குள் அவள் அதை ஊர் முழுவதும் சொல்லிவிட்டாள்.

பூசத்தன்று இருவர் காயைச் சாக்கில் கிடத்தித் தூக்கிவர, அவள் வெறும் வாளியுடன் முன்னே நடந்தாள். வாளி எதற்கென்று கேட்டேன்.

“சனம் இலையிலை மிச்சம் விடுமெல்லே சேர்? அதைக் கொடிக்கு அள்ளத்தான்.”

குளக்கரைப் பிள்ளையார் கோயிலில் ஐயர் காயைத் தட்டிப் பார்த்து மகிழ்ந்தார். “நல்ல முத்தல். என்ன பசளை போட்டனீங்கள் பிள்ளை?”

“நாங்கள் குடிச்சு மிஞ்சின கஞ்சி ஐயா!” என்றாள் பெருமையோடு.

கோயிற் காரியங்களைப் பார்த்துவந்த பெரியவர் துள்ளி எழுந்தார். “எச்சிலோ? எச்சிலிலை வளந்ததைச் சுவாமிக்கோ? மாஸ்ரர், நீங்களும் இதுக்கு உடந்தையோ?”

படையலில் எச்சில் படலாகாது என்று சமய பாடத்தில் சொன்னவனும் நான்; மிஞ்சிய கஞ்சியைக் குழியில் இடுங்கள் என்று சுற்றாடல் பாடத்தில் சொன்னவனும் நான். இரண்டும் ஒரே சந்நிதியில் வந்து முட்டிக்கொள்ளும் என்று நினைத்துப் பார்க்கவில்லை.

சிறுமி வாளியின் பிடியை முறுக்கினாள். “அப்ப திருப்பிக் கொண்டு போறதோ சேர்? எல்லாரிட்டையும் சொல்லிப் போட்டனே.”

ஐயர் பெரியவர் பக்கம் திரும்பினார். “அண்ணை, மடப்பள்ளியிலை கொதிக்கிற கத்தரிக்காய் ஆற்றை?”

“என்ரை தோட்டத்துக் காய்தான். ஏன்?”

“அதுக்கு என்ன பசளை?”

“ஆட்டுப் பிழுக்கை…” பெரியவரின் குரல் பாதியில் இறங்கிவிட்டது.

“அது பிள்ளையாற்றை வயித்துக்கு ஒத்துக்கொண்டால் இதுகளின்ரை கஞ்சியும் ஒத்துக்கொள்ளும். காயைத் தாங்கோ.”

மடப்பள்ளிப் பெண்கள் குலுங்கிச் சிரித்தார்கள். பெரியவரும் அடக்க முடியாமல் சிரித்து, காயை வெட்டத் தாமே அமர்ந்தார். நாம் கழித்ததையெல்லாம் மடியில் ஏற்று, மாசு நீக்கிக் காயாகத் திருப்பித் தருகிற மண்ணின் அருளை எண்ணி நான் கைகூப்பினேன்.

பூசை முடிந்து தாமரையிலைகளில் சோறு விழுந்தது. பூசணிக் கறிக்கு அன்று வாய்த்த சுவையை என்னவென்று சொல்வது! கஞ்சியைக் கவிழ்த்த பிள்ளைகளே இரண்டாந்தரம் கை நீட்டினார்கள். சிறுமி வாளியுடன் பந்தி முழுவதும் நடந்து பார்த்தாள். எல்லா இலையும் வழித்துத் துடைத்துக் கிடந்தது. கடைசியாகப் பெரியவரின் முன் நின்றாள்.

“அப்பு, நீங்களெண்டாலும் கொஞ்சம் விடுங்கோவன். கொடிக்கு நான் என்னத்தைப் போடுறது?”

பெரியவர் கடைசிப் பூசணித் துண்டையும் வாயிலிட்டு, விரலை நக்கினார்.

“பிழுக்கை தாறன் பிள்ளை. வாளியைக் கொண்டு என்ரை ஆட்டுப்பட்டிப் பக்கம் வா.”