பெட்டி காட்டிய வீடு

மாசா மாசம் காசு கேட்கிற எதையும் நான் வீட்டுக்குள் விடுவதில்லை. ஒரு தடவை விலை கொடுத்தோமா, பொருள் நம்முடையதா, அதோடு கணக்கு முடிந்ததா என்று இருக்க வேண்டும். தண்ணீர் சுத்தம் செய்கிற மிஷினுக்கு வருஷ ஒப்பந்தம் போட வந்தவரை வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். இத்தனைக்கும் என் பிழைப்பே அதுதான். கோயம்புத்தூரில் பம்ப்செட் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். அடுக்குமாடிக் குடியிருப்புகளின் மோட்டார்களைப் பராமரிக்க வருஷ ஒப்பந்தம் போட்டு, முன்பணம் வாங்கிக்கொண்டுதான் ஆளையே அனுப்புவேன். ஊருக்குத்தான் உபதேசமா என்று என் மகள் கேட்பாள். வியாபாரம் வேறு, வீடு வேறு என்று சொல்லி அவள் வாயை அடைத்துவிடுவேன்.

மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானபோதுதான் இந்தச் சண்டை முற்றியது. எங்கள் பக்கத்தில் அழைப்பிதழைத் தபாலில் அனுப்பினால் அது அழைப்பே இல்லை. போனில் அனுப்பினால் கேட்கவே வேண்டாம். புருஷனும் பெண்டாட்டியுமாகத் தட்டு எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய், வெற்றிலை பாக்கு பழத்தோடு கையில் கொடுத்து அழைக்க வேண்டும். சொந்தக்காரர்களில் பாதிப் பேர் ஊருக்குள் இல்லை, தோட்டத்தில் வீடு கட்டிக்கொண்டு இருக்கிறார்கள். அந்த வீடுகளுக்குத் தெருப் பெயர் கிடையாது, கதவு எண் கிடையாது. தென்னந்தோப்பைத் தாண்டி, ரெண்டு பக்கமும் வேலி போட்ட இட்டேரித் தடத்தில் திரும்பினால் வருகிற வீடு, அவ்வளவுதான் விலாசம்.

வழி தெரியாவிட்டால் அவர்களுக்கே போன் போட்டுக் கேட்கலாமே என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். கேட்கவே கூடாது. "கல்யாணம்னு வந்ததுக்கப்புறந்தான் எங்கூட்டுக்கு வழி வேணுமாக்கும்" என்று ஒரு வார்த்தை வந்துவிடும். வழி கேட்பது, இத்தனை வருஷம் எட்டிப் பார்க்கவில்லை என்று நம் வாயாலேயே ஒப்புக்கொள்வது. அதனால் எல்லோரும் நேற்றுத்தான் வந்துபோனவர்கள் மாதிரி வாசலில் போய் இறங்கத்தான் ஆசைப்படுவோம்.

முதல் நாள் போனில் இருக்கிற இலவச மேப்பை நம்பிப் போனோம். பாதியில் சிக்னல் போய்விட்டது. ஒரு வாய்க்கால் கரையில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருந்தது. காரைப் பின்னாலேயே எடுத்துக்கொண்டு வர எனக்குக் கழுத்து சுளுக்கிக்கொண்டது. அன்று ராத்திரி மகள் வேறொரு ஆப்பைக் காட்டினாள். மாவட்டம் முழுவதையும் முன்கூட்டியே போனில் இறக்கி வைத்துக்கொள்ளலாம், சிக்னல் இல்லாவிட்டாலும் வேலை செய்யும், வண்டித்தடம்கூட அதில் தெரியும். ஆனால் மாசா மாசம் சந்தா. ஓட்டலில் ரெண்டு பேர் ரோஸ்ட்டும் காபியும் சாப்பிடுகிற காசுதான்.

"வழி சொல்றதுக்கு வாடகையா? அதெல்லாம் முடியாது" என்றேன்.

பரணில் ஏறி என் பெட்டியை எடுத்துவந்தேன். முதல் கார் வாங்கியபோது ஆசைப்பட்டு வாங்கிய ஜிபிஎஸ் பெட்டி அது. கண்ணாடியில் ஒட்டிவைத்தால் படம் காட்டி இங்கிலீஷில் வழி சொல்லும். நெட் வேண்டாம், ரீசார்ஜ் வேண்டாம், சிக்னலை வானத்திலிருந்து நேராக வாங்கிக்கொள்ளும். அந்தக் காசுக்கு ஒரு நல்ல கிரைண்டர் வந்திருக்கும் என்று என் மனைவி இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அதில் இருக்கிற மேப்பைப் புதுப்பிக்க வேண்டும் என்று ஒரு தடவை விசாரித்தேன். பெட்டி விலையில் பாதியைக் கேட்டார்கள். வாங்கின பொருளையே இன்னொரு தடவை வாங்குவதற்கு நான் என்ன ஏமாந்தவனா என்று வந்துவிட்டேன்.

"பெட்டி உங்களுதுதானுங்கப்பா. உள்ள இருக்கற ரோடு உங்களுதா? அது மாறிட்டே இருக்குமே" என்றாள் மகள்.

"ரோடு எங்கடி போகப்போகுது. போட்ட எடத்துலதான் கெடக்கும்" என்றேன். எனக்கே அது நல்ல பதிலாகத் தோன்றியது.

முதலில் பெட்டி என் மானத்தைக் காப்பாற்றத்தான் செய்தது. காரமடைப் பக்கம், பவானிப் பக்கம் எல்லாம் பழைய ரோடுகள். முன்னே எப்போதோ போனபோது நான் பொத்தானை அமுக்கிக் குறித்து வைத்திருந்த இடங்களுக்கு அது பிசகாமல் கொண்டுபோய் விட்டது. ஊர்ப் பெயர்களைப் பெட்டிக்குள் பேசுகிற வெள்ளைக்காரி கடித்துத் துப்புவதைக் கேட்டு மனைவியும் மகளும் சிரித்தார்கள். ஒவ்வொரு வாசலிலும் இறங்கும்போது நான் மகளைத் திரும்பிப் பார்த்து, சந்தா எவ்வளவு மிச்சம் என்று கேட்பேன். அவளுக்கு எரிச்சலாக இருந்திருக்கும்.

பிறகு கொடுமுடிப் பக்கம் போனோம். அங்கே ஒரு மில்காரர். என் மனைவிக்குச் சுற்றி வளைத்துப் பெரியப்பா முறை. அவர் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தால் மண்டபத்துக்கே ஒரு களை வந்துவிடும், நாலு பேர் என்னையும் ஒரு ஆளாகப் பார்ப்பார்கள். அவர் வருவது எனக்கு அவ்வளவு முக்கியமாக இருந்தது. அதனால் மற்றவர்களுக்கு வைத்த தட்டு அவருக்கு இல்லை. அவருக்கென்று வெள்ளிக் குங்குமச் சிமிழ், மாதுளை, ஆப்பிள், தனியாக ஒரு பெரிய தட்டு. அவருடைய தோட்டத்து வீட்டுக்கு நான் ஒரே ஒரு தடவை போயிருக்கிறேன். பெருமையில் அன்றைக்கே பெட்டியில் அந்த இடத்தை அமுக்கி வைத்திருந்தேன்.

கொடுமுடியைத் தாண்டியதும் பெட்டிக்குப் புத்தி கெட்டுவிட்டது. அங்கே புதிதாக அகல ரோடு போட்டு நடுவில் சுவர் வைத்திருக்கிறார்கள். பெட்டிக்குள் அந்த ரோடே இல்லை. நாங்கள் தார் ரோட்டில் போய்க்கொண்டிருக்க, படத்தில் என் கார் பச்சை வயலுக்குள் போய்க்கொண்டிருந்தது. சுவர் இருக்கிற இடத்தில் வலது பக்கம் திரும்பச் சொன்னது. நேராகப் போய், வெகுதூரம் தள்ளி வளைந்து திரும்பி வந்தோம். இப்போது இடது பக்கம் திரும்பச் சொன்னது, அங்கே பள்ளம். மறுபடி போய், மறுபடி வந்தோம்.

"யாரையாச்சும் ஒரு வார்த்தை கேளுங்களேன்" என்றாள் மனைவி.

"ஏனுங்கப்பா, இப்பவே போன்ல காசு கட்டிப்போடட்டுங்களா? ஒரு நிமிசம்" என்றாள் மகள்.

இரண்டுக்கும் முடியாது என்றேன். மூன்றாவது தடவை சுற்றி வந்து ஒரு மண்தடத்தில் இறங்கியதும் பெட்டி, வந்து சேர்ந்தாயிற்று என்று இங்கிலீஷில் சொல்லியது. எதிரே புது கேட், புது வீடு. பழைய வீட்டை மில்காரர் இடித்துக் கட்டியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். வேட்டியைச் சரிசெய்து, பணக்காரர்களுக்கென்று வைத்திருக்கும் சிரிப்பை முகத்தில் எடுத்து வைத்துக்கொண்டு முன்னால் நடந்தேன். மனைவி தட்டோடு பின்னால் வந்தாள்.

கதவைத் திறந்துகொண்டு வந்தது என் அக்கா.

எனக்கு ஒரே அக்கா. என் கல்யாணத்தில் எனக்கு இணைச்சீர் செய்தவள். கடைசிவரைக்கும் உன்னைக் கைவிட மாட்டேன் என்று அண்ணன் தம்பி அக்கா தங்கைக்குச் சொல்லுகிற சீர் அது. அவளோடு பேச்சை விட்டுப் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அவள் மகன் கல்யாணப் பத்திரிகையில் என் பெயர் இல்லை. தாய்மாமன் நான், சித்தப்பன் பெரியப்பன் பெயரெல்லாம் வரிசையாக இருந்தது, என் பெயர் மட்டும் இல்லை. அவள் வீடு தேடி வந்து கூப்பிட்டாள், நான் உள்ளே இருந்துகொண்டே இல்லையென்று சொல்லச் சொன்னேன். கல்யாணத்துக்குப் போகவில்லை. மாமன் சீரை ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் செய்தான். அதற்குப் பிறகு அவளைப் பற்றி என் முன்னால் யாரும் வாய் திறக்கக் கூடாது என்று வைத்திருந்தேன். அதனால்தான் ஈரோட்டு வீட்டை விற்றுவிட்டு, அக்கா வீட்டுக்காரர், என் மாமாவின் பங்குத் தோட்டத்தில் அவர்கள் வீடு கட்டிக்கொண்டு வந்ததுகூட எனக்குத் தெரியவில்லை.

அக்கா முடி முழுவதும் நரைத்துப் போயிருந்தாள். என்னைப் பார்த்தாள், பின்னால் தட்டைப் பார்த்தாள். கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"வா கண்ணு. வா அம்மணி, உள்ள வாங்க" என்றாள்.

திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான். வீடு மாறி வந்துவிட்டோம் என்று அந்த வாசலில் நின்று எந்த மனுஷன் சொல்லுவான். அதற்குள் மாமா தோட்டத்திலிருந்து மண் காலோடு வந்துவிட்டார்.

"வாங்க மாப்ள. நானும் வரப்புல நின்னு பாத்துட்டுத்தான் இருந்தனுங்க. காரு ஒண்ணு போகுது, திரும்பி வருது, மறுக்காவும் போகுது. யாரோ எடம் பாக்க வந்தவங்களாட்டம் இருக்குதுன்னு நெனச்சேன்" என்றார்.

அக்கா அவரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது.

"எதுக்கு கண்ணு அப்படிச் சுத்துன? நேரா வந்தா உன்ன வேண்டாம்னு சொல்லிப்போடுவமா?" என்றாள்.

"எப்படி வர்றதுன்னு தெரியலீங்கக்கா" என்றேன்.

அன்று நான் அந்த வீட்டில் சொன்ன ஒரே உண்மை அதுதான். அதை அவள் எப்படி எடுத்துக்கொண்டாள் என்பது அவள் முகத்தில் தெரிந்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். எனக்கு அந்தக் கையை உதறிவிட்டு ஓடலாம் போல இருந்தது.

மனைவி தட்டை நீட்டாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். மகள் பின்னாலிருந்து அவள் முழங்கையைத் தொட்டாள். அக்கா ரெண்டு கையாலும் தட்டை வாங்கினாள்.

"எங்களுக்குப் போயி வெள்ளிச் சிமிழெல்லாம் எதுக்கு அம்மணி" என்றாள்.

மனைவி குனிந்துகொண்டாள். நான் சுவரைப் பார்த்தேன். காசு கட்டியிருந்தால் அந்த ஆப் நேராக மில்காரர் வாசலில் கொண்டுபோய் விட்டிருக்கும். இந்த கேட்டைத் தாண்டித்தான் போயிருப்போம், யார் வீடு என்று நான் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டேன். என்னை அங்கே கொண்டுவந்து சேர்த்தது பாசம் இல்லை, கஞ்சத்தனம். அதைப் பாசம் என்று நினைத்து அவள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கிறாள், நான் வாங்கிக் குடிக்கிறேன்.

அக்கா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பத்திரிகையைப் பிரித்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பையன் பெயரைப் படித்தாள், பெண் பெயரைப் படித்தாள், எங்கள் அப்பா அம்மா பெயர் இருக்கிற இடத்தைத் தடவினாள். பிறகு அவள் விரல் கீழே உறவுக்காரர்கள் வரிசைக்கு இறங்கியது. ஒவ்வொரு பெயராக வந்தது. மில்காரர் பெயரில் நின்று, அதற்குக் கீழே வந்து, கடைசிப் பெயருக்குப் பிறகு வெறும் காகிதத்தில் நின்றது.

"அச்சுல விட்டுப் போச்சுங்கக்கா" என்றேன்.

விட்டுப்போகவில்லை. அச்சாபீஸிலிருந்து பார்வைக்கு வந்த காகிதத்தில் என் மனைவி மாமா பெயரைப் பென்சிலில் எழுதி வைத்திருந்தாள். நான்தான் பேனாவை எடுத்து அடித்தேன். அழுத்தி அடித்ததில் காகிதம் கிழிந்துபோனது. அவள் இப்போது எனக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

அக்கா பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"போகும் கண்ணு. அச்சுல விட்டுப் போறதுதான். நம்ம பையனுக்கு அடிச்சப்பவும் அப்படித்தான் விட்டுப்போச்சு. அதச் சொல்லத்தான் உங்கூட்டுக்கு வந்தேன். நீ ஊட்டுல இல்லைன்னுட்டாங்க" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. குத்திக் காட்டவும் இல்லை. ஊரில் மழை பெய்ததா என்று கேட்கிற குரல்தான். அன்று கதவுக்குப் பின்னால் நான் நின்றுகொண்டிருந்தது அவளுக்குத் தெரியுமா தெரியாதா என்று எனக்கு இன்றுவரைக்கும் தெரியாது. அவளுடையது நிஜமாகவே விட்டுப்போனது. நான் நம்பவில்லை என்பதுகூட இல்லை, அவள் சொல்ல வந்ததைக் காதில் வாங்கவே இல்லை. என்னுடைய பொய்யை அவள் ஒரு கேள்வி கேட்காமல் வாங்கிக்கொண்டாள்.

மாமா கையைக் கழுவித் துண்டில் துடைத்துக்கொண்டு வந்து பத்திரிகையை வாங்கினார். வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்தார். அவர் கண்ணும் நேராகக் கீழ்வரிசைக்குத்தான் போயிற்று. ஒரு தடவை மேலிருந்து கீழே வந்து, மறுபடி மேலே போனார்.

அக்கா அவர் கையை மெல்லத் தட்டினாள்.

"பேரத் தேடாதீங்க. தேதியப் பாருங்க" என்றாள்.

அவர் சரி என்று தலையை ஆட்டிவிட்டு, முகூர்த்தம் எத்தனை மணிக்குங்க மாப்ள என்று கேட்டார். என் மகள்தான் பதில் சொன்னாள்.