இடி இடித்தாலும் கரகரக்காத பெட்டி

மழைக்கு ஒதுங்கப் போய் ரேடியோ வாங்கிக்கொண்டு வீடு திரும்பியவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர். நானும் அவர்களில் ஒருவன். காரணம் ஹில்மா கங்காஸ்.

அமெரிக்காவில், பாஸ்டனுக்கு மேற்கே இருக்கிற ஃபிட்ச்பர்க் ஊரின் வாட்டர் தெருவில், ரொட்டிக் கடைக்கும் ஓன்னியின் முடிதிருத்தும் கடைக்கும் நடுவில் இருந்தது அவள் கடை. ஓன்னி அவள் கணவன். அவன் வாயைத் திறப்பது சாப்பிட, அவள் வாயை மூடுவது தூங்க என்று எங்கள் ஃபின்லாந்துக்காரர் மன்றத்தில் சொல்லிச் சிரிப்பார்கள். கல்யாணத்துக்கு முன்னால் பாஸ்டன் பக்கம் ஒரு ரேடியோ ஆலையில் ஈயம் பற்றவைக்கும் வேலை பார்த்தவள். அங்கே கற்ற வேலையை வைத்துத்தான் கடை போட்டாள். நல்ல உயரம், அகன்ற தோள். வால்வு ரேடியோ ஒன்றை இடுப்பில் குழந்தை மாதிரி இடுக்கிக்கொண்டு மேட்டுத் தெருவில் அவள் ஏறிப் போவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

அமெரிக்கா உலகப் போரில் இறங்குவதற்கு இரண்டு ஆண்டு முந்தைய கோடைக்காலம் அது. காகித ஆலையில் வேலை முடிந்து வந்துகொண்டிருந்தேன். வானம் இருட்டிக்கொண்டு கொட்டத் தொடங்கியது. அவள் கடை முகப்புத் துணிப் பந்தலுக்குக் கீழே பத்துப் பேர் ஒண்டி நின்றோம். ஹில்மா கதவை அகலத் திறந்து, "நனையுறவங்க நனையலாம், மத்தவங்க உள்ள வாங்க" என்றாள்.

உள்ளே இரண்டு ரேடியோக்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்று எல்லார் வீட்டிலும் இருக்கிற வகை. மின்னல் வெட்டும்போதெல்லாம் அது சட்டியில் பன்றிக் கொழுப்பு பொரிகிற மாதிரி சத்தம் போட்டது. அதில் பாடியது ஆணா பெண்ணா என்றே தெரியவில்லை. ஹில்மா அதை அணைத்துவிட்டு மற்றதைத் திறந்தாள். இடுப்புயர மர அலமாரி, அதன் நெற்றியில் பச்சைக் கண்ணாடி. தெற்கே குன்றின் மேல் புதிதாக நட்டிருந்த கோபுரத்திலிருந்து பண்பலை ஒலிபரப்பு வந்துகொண்டிருந்தது. யாரோ பியானோ வாசித்தார்கள். வெளியே இடி விழுந்தது. பியானோ அது பாட்டுக்கு ஒலித்துக்கொண்டே இருந்தது.

எனக்குப் பிடிபட்டது பியானோ அல்ல, ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் நடுவில் இருந்த அமைதி. பகல் முழுக்கக் காகித எந்திரத்தின் இரைச்சலில் நிற்பவன் நான். வீட்டுக்கு வந்தால் ரேடியோவிலும் இரைச்சல்தான். ஒன்றுமே கேட்காத அந்த இடைவெளியை அன்றுதான் ரேடியோவில் கேட்டேன்.

வாசிப்பு முடிந்ததும் அறிவிப்பாளர், புது ஒலிபரப்பின் தெளிவைக் காட்டுவதற்காக, ஒரு தம்ளரில் தண்ணீர் ஊற்றினார். பிறகு ஒரு தீக்குச்சியை உரசினார். கதவோரம் நின்ற கிழவர் இசாக் ஆஹோலா வெடுக்கென்று திரும்பி, "யாருய்யா அது, கடைக்குள்ள பைப் பத்தவைக்கிறது?" என்று கேட்டார். கடையே சிரித்தது. மழை விடுவதற்குள் இசாக்கும் நானும் உட்பட மூன்று பேர் பெட்டிக்குச் சொல்லிவிட்டார்கள்.

என் மனைவி லெம்பிக்கு நம்பிக்கை வரவில்லை. பெட்டியை இறக்க ஹில்மா வந்தபோது, இது எத்தனை நாளைக்குப் பாடும் என்று கேட்டாள். ஹில்மா அசரவில்லை.

"ஒங்க வீட்ல இருக்குற வரைக்கும் பாடும். பாடலேன்னா நானே வந்து பாடுறேன்."

"ஐயோ, மன்றத்துல ஒன் பாட்டக் கேட்டவ நான். அதுக்குப் பெட்டி கெடாமலே இருக்கட்டும்" என்றாள் லெம்பி.

ஹில்மாவின் குரல் ஊரறிந்தது. அதனாலேயே அந்த வாக்கு எல்லார் வீட்டுக்கும் பரவியது. இரண்டு ஆண்டில் வாட்டர் தெருவிலும் மேட்டிலும் நாற்பது வீட்டுக்கு மேல் அவள் விற்ற பண்பலைப் பெட்டி இருந்தது. ஞாயிறு மாலை பாஸ்டனிலிருந்து கச்சேரி வரும். ஏலக்காய் ரொட்டியும் காப்பியுமாக அக்கம்பக்கம் எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். கச்சேரி நடக்கும்போது லெம்பி யாரையும் தும்மவிட மாட்டாள்.

போர் வந்தது. ரேடியோ ஆலைகள் எல்லாம் படைக்கு வேலை செய்தன. ஹில்மா கடையைப் பாதி நேரம் பூட்டிவிட்டுப் படைக்கான கருவிகள் செய்யப் போனாள். விற்ற பெட்டிகள் மட்டும் பாடிக்கொண்டே இருந்தன.

போர் முடிகிற ஆண்டில்தான் அந்தச் செய்தி வந்தது. பண்பலைக்கு ஒதுக்கியிருந்த அலைவரிசையை அரசாங்கம் மேலே வேறோர் இடத்துக்கு மாற்றிவிட்டது. சூரியனில் கரும்புள்ளிகள் மிகும் காலத்தில் பழைய இடத்தில் தொலைதூர நிலையங்கள் குறுக்கே வந்து விழும் என்று காரணம் சொன்னார்கள். ஆமாம் என்றவர்களும் உண்டு, சுத்தப் பொய் என்றவர்களும் உண்டு. எங்களுக்குப் புரிந்தது ஒன்றுதான். கொஞ்ச காலம் இரண்டு இடத்திலும் ஒலிபரப்புவார்கள், பிறகு பழையதை நிறுத்திவிடுவார்கள். அன்றோடு எங்கள் பெட்டிகளுக்குக் காது போய்விடும்.

எதிர்ச்சாரியில் ரேடியோக் கடை வைத்திருந்த ஐரிஷ்காரன் டெனிஸ் ஹாகர்ட்டி, சாதாரண ரேடியோவைத் தவிர வேறெதையும் தொடாதவன். அவன் தெருவைத் தாண்டி வந்து அவள் வாசலில் நின்றான்.

"நீ வித்ததெல்லாம் நல்ல மரம், ஹில்மா. ஒரு கதவு போட்டுட்டா துணி வெச்சுக்கலாம்."

"ஒன் கடைக் கதவ மொதல்ல பாரு. ஆள் வராம துருப்பிடிச்சிருக்கும்" என்றாள் அவள்.

அப்படிச் சொன்னாளே தவிர, அந்த வாரம் முழுக்க அவள் யாரோடும் பேசவில்லை. ஓன்னி பயந்துபோனான். என் முடியை வெட்டிக்கொண்டே, டாக்டரைக் கூப்பிடலாமா என்று கேட்டான். அவன் என்னிடம் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை மன்றத்தில் எல்லாரும் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். கோபம் அரசாங்கத்தின் மேல். ஆனால் அரசாங்கம் வாஷிங்டனில் இருந்தது, ஹில்மா எதிரில் இருந்தாள். பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொள் என்றார் ஒருவர். தெரிந்தே விற்றிருப்பாள் என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. இசாக் கிழவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"பெட்டி பாடலேன்னா நீயே வந்து பாடுறதாத்தானே பேச்சு? எங்க வீட்டுக்கு எப்ப வர?"

எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. சிரிப்பு ஓயும்வரை நின்றாள்.

"பெட்டியச் செஞ்சது நான் இல்ல. அலைய மாத்துனதும் நான் இல்ல. ஆனா ஒங்க ஒவ்வொருத்தர் வீட்டுக்குள்ளயும் அதத் தூக்கிட்டு வந்து வெச்சது நான். அதப் பாட வைக்கிறது என் வேலை. பழசு நிக்கிறதுக்குள்ள எல்லாப் பெட்டியும் புது அலையில பாடும். இப்பக் காப்பியக் குடிங்க, ஆறுது."

சொல்லிவிட்டாளே ஒழிய, அது அவள் நினைத்தபடி எளிதாக நடக்கவில்லை. புது அலையைப் பிடித்து, அதைப் பழைய அலையாக மாற்றிப் பெட்டிக்குள் அனுப்புகிற சின்னக் கருவி ஒன்று செய்தாக வேண்டும். சந்தையில் வந்தவற்றை வாங்கிப் பார்த்தாள், திருப்தியில்லை. தானே ஒன்று செய்தாள். அதை எங்கள் வீட்டுப் பெட்டியின் உள்ளே, வால்வுகளுக்குப் பக்கத்தில் பொருத்தினாள். குமிழைத் திருப்பியதும் புது அலையில் குரல் தெளிவாக வந்தது. லெம்பி கைதட்டினாள்.

அன்று மாலைக் கச்சேரியில் மூன்று பாட்டு நன்றாக வந்தது. நாலாவதில் பாடகியின் குரல் மங்கி, கம்பளிக்குள் இருந்து பாடுவதுபோல் ஆகி, காணாமல் போய்விட்டது. லெம்பி எழுந்து குமிழைத் திருகிப் பிடித்தாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி நழுவியது. விருந்தாளிகள் ரொட்டியை மட்டும் பார்த்துச் சாப்பிட்டார்கள்.

ஹில்மா வந்தாள், கழற்றினாள், எடுத்துப் போனாள், திரும்பக் கொண்டுவந்தாள். தன் கடை மேசையில் மணிக்கணக்காகச் சரியாக ஓடுவது எங்கள் வீட்டுக்கு வந்தால் நழுவுகிறது. கம்பிச் சுருளை மாற்றினாள், வால்வை மாற்றினாள். எங்கள் வீட்டு மின்சாரத்தைக் குறை சொன்னாள். லெம்பி விடவில்லை. வேண்டுமானால் ஹில்மா கரண்டுக்குப் பதில் தன் கைவேலையையே குறை சொல்லிப் பார்க்கட்டும் என்றாள். இரண்டு பேரும் ஒரு வாரம் முகம் பார்க்கவில்லை.

பனிக்காலத்தில் ஒரு நாள் கடைசித் தடவையாக முயல்கிறேன் என்று வந்தாள். பெட்டியைச் சுவரிலிருந்து நகர்த்தினாள். பின்பக்கத் திறப்பில், வால்வுகளுக்குக் கீழே, எங்கள் பூனை மிர்ரி சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. அடுப்படியை விட்டுவிட்டு ஏன் அங்கே படுக்கிறது என்று நான் யோசித்ததே இல்லை. ஹில்மா மண்டியிட்டபடியே அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு உள்ளே கையை விட்டுப் பார்த்து, தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள்.

"லெம்பி, வீட்லயே சூடான எடம் எதுன்னு இந்தப் பூனைக்குத் தெரிஞ்சிருக்கு. நான் அங்க கொண்டுபோய்க் கருவிய வெச்சிருக்கேன்."

கடையில் கருவி திறந்த மேசையில் இருந்தது, எங்கள் வீட்டில் அடுப்புக்குள் இருந்த மாதிரி. சூடேற ஏற அது இடம் நழுவியது, அவ்வளவுதான். அடுத்த முறை கருவியைத் தனி மரப் பெட்டியில் வைத்து, காற்றோட்டத்துக்குத் துளைகள் போட்டு, ரேடியோவுக்கு வெளியே ஓர் ஓரத்தில் நிறுத்தினாள். கச்சேரி முழுக்க நழுவவில்லை. அன்று லெம்பி அவளுக்கு முதல் துண்டு ரொட்டியை வெட்டிக் கொடுத்தாள். எங்கள் வீட்டில் அது பாதிரியாருக்குத்தான் கிடைக்கும்.

அதன் பிறகு அவள் நிற்கவே இல்லை. வீடு வீடாகப் போனாள். மரப் பெட்டிகளை ஓன்னி செய்து கொடுத்தான். முடிவெட்ட வருகிறவர்கள் நாற்காலியில் காத்திருக்க, அவன் பின்கட்டில் இழைத்துக்கொண்டிருப்பான். அரைகுறை முடியோடு தெருவில் திரிந்தவர்களை அந்தப் பருவத்தில் பார்க்கலாம். மாற்ற மறுத்தவர் இசாக் மட்டும்தான். அரசாங்கம் கெடுத்ததை அரசாங்கமே சரிசெய்யட்டும் என்று சொல்லி, உள்ளிருந்ததை எல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு ரொட்டி வைத்துக்கொண்டார். அதைக் கேட்டபோது ஹில்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பிள்ளையைப் பறிகொடுத்தவள் மாதிரி இருந்தது.

ஒரு காலை நான் கடையில் இருந்தபோது டெனிஸ் ஹாகர்ட்டி பின்வாசல் வழியாக வந்தான். தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டே வானிலையைப் பற்றிப் பேசினான். பிறகு சொன்னான். அவன் வீட்டில் ஒரு பண்பலைப் பெட்டி இருக்கிறதாம். போருக்கு முன்பே பாஸ்டனில் வாங்கியதாம். மனைவி மேரி-ஆக்னெஸ் ஞாயிறு தவறாமல் கேட்கிறாளாம். அது நின்றுபோனால் வீட்டுக்குள் அவனை விடமாட்டாளாம்.

ஹில்மா சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கேட்டது வேறு.

"இத்தன வருஷமாவா?"

"ஆமா."

"செஞ்சு தரேன். ஆனா நான் வீட்டுக்கு வரமாட்டேன். நீ அதத் தூக்கிட்டு வரணும். பகல்ல, தெருவத் தாண்டி, முன்வாசல் வழியா."

டெனிஸ் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்த வழியே போனான். மறுநாள் நண்பகலில் அவனும் அவன் மைத்துனனும் அந்தப் பெரிய பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு வாட்டர் தெருவைத் தாண்டி வந்தார்கள். மின்கம்பியில் ஓடும் டிராலி பஸ்ஸே நின்று வழிவிட்டது. ரொட்டிக் கடைக்காரர் வெளியே வந்து தொப்பியைக் கழற்றினார். டெனிஸ் சிவந்துபோய் வந்தாலும் நிமிர்ந்துதான் வந்தான். அதற்காக அவன்மேல் எனக்கு மரியாதை வந்தது. ஹில்மா அவன் வேலையை மற்றெல்லாவற்றுக்கும் முன்னால் செய்து கொடுத்தாள். அந்தக் கோடையிலிருந்து அவன் கடையிலும் பண்பலைப் பெட்டி விற்றது. அவனுக்கு வேலை கற்றுக்கொடுத்தவளும் அவள்தான். அவனைத் திட்டுவதை மட்டும் நிறுத்தவில்லை.

பழைய அலையை நிறுத்தும் நாள் ஒரு ஜனவரியில் வந்தது. கடையில் மாற்றாத பெட்டி ஒன்றைத் திறந்து வைத்திருந்தாள். நாங்கள் சுற்றி நின்றோம். அறிவிப்பாளர் விடைபெற்றார். பிறகு உஸ்ஸென்ற வெறும் காற்றுச் சத்தம். ஹில்மா அதை நீண்ட நேரம் கேட்டாள். கண் கலங்கியிருந்தது, துடைக்கவும் இல்லை. பிறகு அதை அணைத்துவிட்டு, பக்கத்தில் கருவி பூட்டிய பெட்டியைத் திறந்தாள். அதே அறிவிப்பாளர் அடுத்த நிகழ்ச்சியைச் சொல்லிக்கொண்டிருந்தார். மேட்டில் வீடு வீடாக அதே குரல் கேட்டுக்கொண்டிருந்தது என்று, அன்று நடந்து வந்த லெம்பி சொன்னாள்.

அதற்குப் பிறகும் அவள் நெடுங்காலம் கடை நடத்தினாள். தொலைக்காட்சி வந்தது. அதையும் விற்றாள், ஆனால் மனம் ஒட்டவில்லை, படம் பார்க்கிறவன் காதை மூடிக்கொள்கிறான் என்பாள். அவளுக்கு அறுபது வயது தாண்டிய பிறகு, பண்பலையில் ஸ்டீரியோ வரப்போகிறது, இடது காதுக்கும் வலது காதுக்கும் தனித்தனியாகக் கேட்கும் என்று செய்தி வந்தது. இந்த வயதில் புதிதாக எதற்கு என்று நாங்கள் சொன்னோம். அவள் கடைக்கு நடுவில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, இரண்டு பக்கச் சுவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒலிபெருக்கிகளைத் தள்ளித் தள்ளி வைக்க இந்த அகலம் போதாது என்றாள்.

அடுத்த வாரமே ஓன்னியின் கடைக்கும் அவள் கடைக்கும் நடுவில் இருந்த சுவரை இடித்தார்கள். சுத்தியல் ஒன்றை ஓன்னியும் எடுத்துக்கொண்டான்.