ஒரு தாடைக்கு இரண்டு பெயர்

பியூலா மேடம் இறந்த செய்தி எனக்குப் பேருந்தில் வந்தது. விருதுநகரிலிருந்து சிவகாசிக்குப் போய்க்கொண்டிருந்தேன். நான் வேலை பார்த்த கல்லூரியின் விலங்கியல் துறை வாட்ஸ்அப் குழுவில் “நம் முன்னாள் கௌரவ விரிவுரையாளர் திருமதி பியூலா அவர்கள் காலமானார்” என்று ஒரு வரி. அவருக்குத் திருமணம் ஆகவில்லை என்பதுகூட எழுதியவருக்குத் தெரியவில்லை. அதன் கீழே கும்பிடும் கைகள் வரிசையாக விழத் தொடங்கின. அவர் மேல் புகார் வந்தபோது ஒரு வார்த்தைகூடத் தட்டாத அதே கைகள். ஆமத்தூரில் இறங்கி அவர் வீட்டுக்கு நடந்தேன்.

எங்கள் கல்லூரியிலிருந்து வெளியேற்றப்பட்ட பிறகு மேடம் ஒரு மெட்ரிக் பள்ளியில் வேலை பார்த்தார். தேர்வு அறையில் நெஞ்சு வலித்திருக்கிறது. வாயு என்று நினைத்து ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு, விடைத்தாள்களை வாங்கிக் கட்டிக் கொடுத்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறார். பாதியில் போனால் அது விடுப்பு, சம்பளம் போகும். அவருடைய அண்ணன் இதைச் சொல்லிவிட்டு, “எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாம்ல” என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

இதை அவரைத் தெரிந்தவர்களுக்காக எழுதுகிறேன். தெரிந்தவர்களில் பாதிப் பேருக்கு அவர் கட்டுரையில் போலிப் படம் போட்டு மாட்டிக்கொண்டவர். அந்தப் பாதிப் பேர் கடைசிவரை படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அவர் ஆராய்ந்தது முள்ளம்பன்றி மீன். பயந்தால் பந்து போல உப்பி, உடம்பெல்லாம் முள்ளை நிமிர்த்துமே, அந்த மீனேதான். ஆனால் உயிரோடு இருப்பதை அல்ல. கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் செத்துக் கல்லாகிப் போனதை. கடலே இல்லாத ஊரில் இது எதற்கு என்று எல்லோரும் கேட்பார்கள். அந்த மீனுக்குப் பேச்சுவழக்கில் பேத்தை என்று பெயர், அதனால் மாணவர்கள் அவரைப் பேத்தை மேடம் என்பார்கள். அவருக்குத் தெரியும். வருகைப்பதிவு எடுக்கும்போது, “பேத்தை வந்திருக்கேன், நீங்கள்லாம் வந்திருக்கீகளா?” என்று கேட்டுவிட்டுத்தான் பெயர் கூப்பிடுவார்.

சிவகாசி வழியாகக் கொல்லத்துக்கு ரயில் போகிறது. அதில் ஏறி, செங்கோட்டை தாண்டி, கொல்லம் காயல் பக்கத்துச் சுண்ணாம்புப் பாறைகளில் தேடுவது அவர் வழக்கம். ஒரு முறை நானும் போனேன். பகல் முழுதும் வெயிலில் குனிந்து கிடந்து அவர் எடுத்தது புளியங்கொட்டை அளவுக்கு ஒரு துண்டு. திரும்பும் ரயிலில் அதை உள்ளங்கையில் வைத்து விளக்கினார். இந்த மீனின் எலும்பெல்லாம் நொறுங்கிப் போய்விடும். மிஞ்சுவது தாடை மட்டும். தாடைக்குள்ளே நத்தையையும் சிப்பியையும் நொறுக்க ஒரு பல்தட்டு உண்டு. வெட்டும் இயந்திரத்துக்குப் போகுமுன் அச்சகத்தில் அடுக்கி வைத்த காகிதக் கட்டு மாதிரி, இடப்பக்கம் ஒரு கட்டு, வலப்பக்கம் ஒரு கட்டு. மேல் தகடு தேயத் தேய அடித்தகடு மேலே வரும். அந்தத் தகடுகளின் எண்ணிக்கையையும் வடிவத்தையும் பார்த்துத்தான் உலகம் முழுதும் இந்த மீன்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

“வயசான மீனுக்கு ஒரு பேரு, எளசுக்கு ஒரு பேருன்னு வச்சிருந்தா என்ன தம்பி பண்ணுவ?” என்றார். தெரியாது என்றேன். “புதுப் பேரு வைக்க எல்லாரும் வருவாங்க. இருக்கிற பேர்ல ஒண்ணத் தூக்குறதுக்கு எவனும் வர மாட்டான். நான் அதுக்குத்தான் அலையுறேன்.”

பிறகு அந்தத் தாடை கிடைத்தது. ஒரே மீனின் முழுப் பல்தட்டு. அந்த மீனுக்கு ஏதோ காரணத்தால் இடப்பக்கத்தில் மட்டுமே மெல்லும் பழக்கம் இருந்திருக்க வேண்டும். இடப்பாதி தேய்ந்து, சில அகலத் தகடுகளோடு நின்றது. வலப்பாதி தேயாமல், மெல்லிய தகடுகள் நெருக்கமாக இருந்தன. நூல்களின்படி இடப்பாதி ஒரு சிற்றினம், வலப்பாதி வேறொரு சிற்றினம். ஒரே வாயில் இரண்டு மீன் இருக்க முடியாது. ஆகவே இரண்டு பெயரில் ஒன்று, பின்னால் வைக்கப்பட்ட வலப்பாதியின் பெயர், போக வேண்டும். அவ்வளவுதான் அவர் வாதம். அதை இதைவிட எளிதாக யாரும் நிரூபிக்க முடியாது.

அவர் எப்படிப்பட்டவர் என்பதற்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலை வெடித்தபோது எங்கள் மாணவி மாரீஸ்வரியின் அம்மா உள்ளே இருந்தார். அரசு மருத்துவமனைப் பிணவறையில் அடையாளம் காட்டச் சொன்னார்கள். மாரீஸ்வரி மேடத்தைத் துணைக்கு அழைத்தாள். எலும்பைப் பற்றிப் படித்தவர் என்பதுதான் காரணம். நான் திறந்த வாசலில் நின்றேன். உள்ளே என்ன இருந்தது என்பதை எழுத மாட்டேன். ஆலையின் போர்மேன், “இதுதான்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க டீச்சர், இன்னைக்கே எடுத்து அடக்கம் பண்ணிரலாம்” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஊர் மறியலில் உட்காருமுன் உடல்கள் போய்விட வேண்டும் என்பது அவருக்கு வந்திருந்த உத்தரவு. மாரீஸ்வரியே அழுதுகொண்டு, சொல்லுங்க மேடம், ஏதாவது சொல்லுங்க என்றாள். மேடம் அவள் கையை விடாமல் சொன்னார்: “எனக்குத் தெரியலம்மா. தெரியலன்னுதான் சொல்ல முடியும். வேற வீட்டு ஆளா இருந்தா அவங்க எங்க போயித் தேடுவாங்க?” டி.என்.ஏ. பரிசோதனை முடிவு வந்தபோது அது வேறு வீட்டு ஆள்தான்.

இந்தப் பெண்மணிதான் படத்தில் மோசடி செய்தார் என்கிறார்கள்.

நடந்தது இது. கல்லூரியில் நல்ல கேமரா இல்லை. மேடம் ஒரு காலண்டர் கம்பெனியில் தாடையைப் படமெடுக்கக் கொடுத்தார். படங்களைக் கணினியில் திருத்தும் சங்கரபாண்டி அண்ணன் அங்கே ஆயுள் முழுக்கச் சாமி படங்களைச் சீர்செய்தவர். முருகனின் ஒரு கன்னம் அமுங்கியிருந்தால் மறு கன்னத்தை எடுத்துத் திருப்பி ஒட்டுவது அந்த வேலையில் பாலபாடம். மேலிருந்து எடுத்த தாடைப் படத்தில் இடப்பாதி தேய்ந்து கிடப்பதைப் பார்த்தவர், வலப்பாதியை எடுத்துத் திருப்பி வைத்துவிட்டார். திருத்திய படத்தைப் பழைய படத்தின் மேலேயே சேமித்தார். காலண்டர் சீசனில் கணினியில் இடம் இருக்காது, அங்கே எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள்.

மேடம் படத்தைக் கைப்பேசியில் சிறிதாகப் பார்த்துவிட்டு ஆய்விதழுக்கு அனுப்பினார். பக்கவாட்டுப் படத்தை அண்ணன் தொடவில்லை. அதில் தேய்மானம் தெரிந்தது, மேல் படத்தில் தெரியவில்லை. ஒரு மதிப்பீட்டாளர் பெரிதாக்கிப் பார்த்து, இரண்டு பாதியும் புள்ளிக்குப் புள்ளி ஒன்று என்று கண்டுபிடித்தார். கட்டுரையைத் தூக்கி எறிந்ததோடு கல்லூரிக்கும் எழுதினார்கள். மூலத் தாடையை ஒரு பொது அருங்காட்சியகத்தில் ஒப்படைத்து, அங்கே படமெடுத்து அனுப்பினால் மறுபடி பார்க்கலாம் என்று ஒரு வரி மட்டும் விட்டிருந்தார்கள். அந்த ஒரு வரியில்தான் மேடத்தின் மானம் தொங்கிக்கொண்டிருந்தது.

நானும் மேடமும் அந்தக் காலண்டர் கம்பெனிக்குப் போனோம். சங்கரபாண்டி அண்ணன் எங்களைப் பார்த்ததும் டீ சொன்னார். “ஒரு பக்கம் அம்புட்டு அசிங்கமா இருந்துச்சு டீச்சர். லட்சுமி படத்துக்குக்கூட நான் இப்படி மெனக்கெட்டதில்ல. எப்படி வந்திருக்கு?”

நான் வாயைத் திறக்குமுன் மேடம் என் காலை மிதித்தார். “நல்லா வந்திருக்குண்ணே” என்றார். வெளியே வந்து நான் கத்தினேன். அவர் நிதானமாக, “அவரு அவரு வேலையச் செஞ்சிருக்காரு. பெருசாக்கிப் பாக்காம அனுப்புனது நானு” என்றார். அண்ணனுக்கு இன்றுவரை தெரியாது. அடக்கத்துக்கு வந்திருந்தார். நான் சொல்லவில்லை.

கல்லூரி, விசாரணை என்று சொல்லி ஆய்வகத்தைப் பூட்டியது; தாடையும் உள்ளே மாட்டிக்கொண்டது. யாரும் எதையும் விசாரிக்கவில்லை. ஜூன் மாதம் அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. ஒப்பந்த ஆசிரியர்களை வெளியே அனுப்ப ஒரு காரணம்கூடத் தேவைப்படாத நாட்டில், இவருக்காவது ஒரு காரணம் இருந்தது என்று துறையில் ஒருவர் சிரித்தார்.

அடுத்த மாதம் கல்லூரிக்குத் தரம் போடும் ஆய்வுக்குழு வருவதாக இருந்தது. வாசலில் ஒரு செயற்கை அருவி கட்ட வேண்டும் என்று கல்லூரிச் செயலாளருக்கு ஆசை வந்தது. அவருக்குப் பட்டாசு ஆலை உண்டு, அச்சகம் உண்டு, கல்லூரியும் உண்டு. ஒப்பந்தக்காரர் அழகான கல் கேட்டார். ஆய்வகத்தைத் திறந்துவிட்டார்கள். மேடம் வருடக்கணக்கில் கொல்லத்திலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்த அத்தனை பாறைத்துண்டுகளையும் சிமெண்டில் பதித்து, மேலே வெள்ளி நிறப் பெயிண்ட் அடித்தார்கள். ஒட்டியிருந்த குறிப்புச் சீட்டுகள் குப்பைக்குப் போயின. ஆய்வுக்குழு அந்த அருவி முன் நின்று படமெடுத்துக்கொண்டது.

நான் தகவல் சொன்ன மறுநாளே மேடம் வந்தார். காவலாளி உள்ளே விடவில்லை. வாசல் கம்பிக்கு வெளியே நின்று பார்த்தார். பெயிண்டுக்கு அடியிலும் அந்தத் தாடைக் கல் எது என்று அவருக்குத் தெரிந்தது. தண்ணீர் விழும் இடத்துக்குச் சற்று மேலே, முதுகுப்பக்கம் வெளியே தெரிய ஒட்டியிருந்தது.

“பல்லு வெளிய பாத்து இருந்தா, இங்கன நின்னே ஒரு போட்டோ எடுத்திருப்பேன்” என்றார். “குப்புறப் போட்டுட்டாக.”

அந்தக் கல்லை மட்டும் எடுத்துத் தரும்படி செயலாளரிடம் நான் போய்க் கேட்டேன். அருவி கல்லூரிச் சொத்து, கை வைக்கக் கூடாது என்றார். அதில் ஒரு மனுஷியின் பேர் இருக்கிறது என்று சொன்னேன். “என்னைக்கோ செத்த மீனுப்பா. அதுக்கு எந்தப் பேரு இருந்தா என்ன? அங்கன அழகாத்தான இருக்கு” என்றார். கோபத்தில் சொல்லவில்லை. அதுதான் இன்னும் எரிகிறது. ஏழாயிரம்பண்ணையில் அவருடைய ஆலை வெடித்தபோதும் செத்தவர்களின் பெயர்களை அவர் இதே குரலில்தான் விசாரித்திருப்பார்.

மேடம் மனு எழுதினார். பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். எங்கிருந்தும் பதில் இல்லை. கடைசியாகப் பேசியபோது, அருவியில் தண்ணீர் விடுகிறார்களா என்று கேட்டார். விடுகிறார்கள் என்றேன். “அப்ப உப்பு ஏறி உதிர்ந்துரும். சீக்கிரம் எடுக்கணும்” என்றார். அதன் பிறகுதான் அந்தத் தேர்வு அறை.

அடக்கம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, கல்லூரியில் ஆள் இல்லாத நேரத்தில், அந்த அருவியைக் கட்டிய கொத்தனாரையே கூட்டிக்கொண்டு போனேன். காவலாளி டீ குடிக்கப் போய்விட்டார். கொத்தனார் தட்டிப் பார்த்துவிட்டு, “சிமெண்டு கல்ல விடப் பலமாயிருச்சு சார். வர்றது வரட்டும், பெறகு என்னையச் சொல்லக் கூடாது” என்றார். மெதுவாகத்தான் உளி வைத்தார். அவரிடம் குறை இல்லை. வலப்பாதி ஒரே துண்டாகக் கழன்று வந்தது. இடப்பாதி சிமெண்டை விடவில்லை. சுரண்டியபோது நனைந்த சுண்ணாம்பாக உதிர்ந்தது. அள்ளுவதற்குக்கூட எதுவும் இல்லை.

திங்கட்கிழமை என்னை இனி வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அது போகட்டும்.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த வலப்பாதி மட்டும்தான். பெயிண்டைச் சுரண்டி மேசையில் வைத்திருக்கிறேன். மெல்லிய தகடுகள் நெருக்கமாக, ஒரு கீறல்கூட இல்லாமல் இருக்கின்றன. தனியாகப் பார்த்தால், மேடம் எந்தப் பெயரை நீக்கப் பாடுபட்டாரோ அந்தப் பெயருக்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. பக்கவாட்டுப் படத்தை இனி யாரும் நம்பப்போவதில்லை. எந்த நிபுணரிடம் காட்டினாலும் அந்தப் பெயரைத்தான் சொல்வார். அவரை மறுக்க என் கையில் ஒன்றுமில்லை.