அக்காவின் உள்ளங்கால்

இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தொப்பி கொண்டு வராத பிள்ளையை விளையாட விடாமல் நிழலில் உட்கார வைக்கிறார்கள். அதுதான் தண்டனை. திருவண்ணாமலையில் நான் படித்த பள்ளியில் வெயிலில் நிற்க வைப்பார்கள். ஆஸ்திரேலியா வந்து, இந்த ஆரம்பப் பள்ளியில் கூட்டித் துடைக்கச் சேர்ந்த புதிதில், மரத்தடியில் ஒரு பிள்ளை அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தது. நிழலுக்குப் போய் அழுகையா என்று சிரித்தேன்.

வருடத்துக்கு ஒருநாள் கேத்தி என்ற நர்ஸ் வருவார். வெயிலில் எப்படி இருக்க வேண்டும், தோலில் புற்றுநோய் எப்படி வரும் என்று பிள்ளைகளுக்குச் சொல்வார். கிரீம் தடவிவிடுவார். முதல் வருடம் எனக்கும் நீட்டினார். "நோ. ஐ பிளாக்" என்றேன். கறுப்புத் தோலுக்குக் கிரீம் வேண்டாம் என்பதைத்தான் சொன்னேன். அவர் முகம் சிவந்துவிட்டது. "சாரி, சாரி" என்றார். மனசு புண்பட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டார் போல. பிறகு ஒரு படத்தைக் காட்டி நிதானமாகச் சொன்னார். கறுப்புத் தோலுக்கும் வரும். வெயில் படாத இடத்திலும் வரும். உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியில் பாருங்கள். தலையாட்டினேன். வெள்ளைக்காரர் நோய் என்று நினைத்துக்கொண்டு துடைக்கப் போய்விட்டேன்.

அந்த வருடக் கடைசியில் ஊருக்குப் போனேன். அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதை ஓரம் அக்காவுக்குப் பெட்டிக்கடை. பௌர்ணமி வந்தால் கடையை மாமாவிடம் விட்டுவிட்டு வெறுங்காலில் மலை சுற்றுவாள். நான் போன மறுநாள் என் முன்னால் காலை நீட்டினாள்.

"இத்தப் பாருடி. முள்ளா, ஆணியா?"

குதிகால் பக்கம் சுண்டைக்காய் அளவுக்குக் கறுப்பு. ஓரம் கலைந்திருந்தது.

"எத்தினி நாளா இருக்குது?"

"போன வருசக் கார்த்தி தீபத்துலேர்ந்து. எருக்கம்பால் வச்சேன், செங்கல்லு சூடு பண்ணி ஒத்தடம் குடுத்தேன். சம்பந்தி ஊட்டுக்காரங்க மாதிரி கெளம்பவே மாட்டேங்குது."

கேத்தி காட்டிய படம் ஞாபகம் வந்தது. வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். "டாக்டர்கிட்ட காட்டேன்கா" என்றேன்.

"கால் ஆணிக்கு டாக்டரா? தோ பாருங்க, ஆஸ்திரேலியாக்காரி பேசறத!" என்று மாமாவைக் கூப்பிட்டுச் சிரித்தாள். அவரும் சிரித்தார்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. வெளிநாடு போனதும் நம் வைத்தியத்தைக் குறை சொல்கிறாள் என்று பேர் வாங்க மனசில்லை. சேப்டி பின்னைச் சுட்டு நானே குத்திப் பார்த்தேன். முள் இல்லை. எருக்கம் இலை கிள்ளி நானே பால் வைத்தேன். இருந்த இரண்டு வாரமும் வைத்தேன். அப்புறம் விமானம் ஏறிவிட்டேன்.

எட்டு மாதம் கழித்து மாமா போன் செய்தார். அந்தக் கறுப்பு புண்ணாகி, ஆறாமல் வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

"கேன்சராம். கணுக்காலுக்கு மேல வெட்டிக் காலையே எடுத்துட்டாங்கம்மா. தொடை இடுக்குல ஒரு கட்டி இருக்குதாம். அது எப்பிடிப் போவும்னு சொல்ல முடியாதுன்றாங்க. முன்னாடியே வந்திருந்தா கம்மியா வெட்டி எடுத்திருப்பாங்களாம்."

அக்கா போனை வாங்கினாள். "அழுவாதடி. உனக்கு என்னா தெரியும், நீ என்னா பண்ணுவ?"

தெரியும் என்று சொல்ல வாய் வரவில்லை. இன்னும் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன். படிக்கிற நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் கூட இருப்பவர்கள் காலைப் பாருங்கள். சிரித்தால் சிரிக்கட்டும்.

இந்த வருடம் கேத்தி வந்தபோது நானும் பேசுகிறேன் என்றேன். எனக்கு இங்கிலீஷ் கம்மி. பிள்ளைகள் முன்னால் நின்றதும் அதுவும் போய்விட்டது. ஷூவையும் சாக்ஸையும் கழற்றினேன். தரையில் உட்கார்ந்து உள்ளங்காலைத் தூக்கி, "லுக் ஹியர் ஆல்சோ" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று காலை இறக்காமல் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் முன்வரிசைப் பெண் ஒருத்தி தன் ஷூவைக் கழற்றினாள். பிறகு எல்லாரும் கழற்றினார்கள்.

ஊரில் பெரியவர்கள் பக்கம் காலை நீட்டினால் திட்டு விழும். இங்கே ஒரு வகுப்பே என் பக்கம் நீட்டியது. வெள்ளை, மாநிறம், கறுப்பு. ஒவ்வொன்றாகக் கையில் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். எல்லாம் சுத்தமாக இருந்தன.

நான் சரியாகப் பார்த்திருக்க வேண்டிய கால் இங்கே இல்லை. ஊரிலும் இல்லை.