இடது மூலைக்குப் போன பந்துகள்

உதைபந்தாட்ட அணிக்கு ஆள் தெரிவு செய்கிறவனுக்கு எந்த ஊரிலும் நல்ல பெயர் கிடையாது. தெரிவானவன் தன் திறமையால் வந்தவன்; விடுபட்டவன் நம்மால் கெட்டவன். கழகத்திலோ பள்ளிக்கூடத்திலோ இந்த வேலையில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. சண்டைக் காலத்தில் மன்னாரில் மூன்று வருடம் இது என் தலையில் இருந்தது.

இரண்டு பேர், ஓர் இடம்

முதல் வருடமே மாவட்ட அணி கொழும்புக்குப் போய் ஆட இருந்தது. நடுவில் நின்று பந்து பிரித்துக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும். போட்டியில் கீரிக் கிராமத்து அன்ரனும் வங்காலை ஊர்ச் சேவியரும். அன்ரன் கொடுக்கிற பந்தெல்லாம் கோலாகிக்கொண்டிருந்ததால் அவன்தான் என்று மனதுக்குள் முடிவு கட்டிவிட்டேன். உப்புக்குளத்தில் மீன் விற்கிற மரியம்மாக்கா ஓர் ஆட்டமும் தவறவிடாதவர். எனக்குப் பாரை மீன் வெட்டிக்கொண்டே கேட்டார்:

"அன்ரன் குடுக்கிற பந்து நல்லதோ, அதை வாங்குறவன்ரை கால் நல்லதோ? அதைப் பார்த்தனீங்களோ தம்பி?"

அண்ணன் வராத நாள்

வாங்குகிறவன் அன்ரனின் சொந்த அண்ணன். சங்கு குளிக்கிறவன். கடலுக்குப் போகத் தடை வந்ததிலிருந்து கீரிக் கரையில் ஓடுவதுதான் அவனுக்கு வேலை. தம்பி எங்கே அடித்தாலும் அங்கே போய் நிற்பான். ஒரு சனிக்கிழமை இராணுவச் சுற்றிவளைப்பில் அகப்பட்டு அவன் ஆட்டத்துக்கு வரவில்லை. அன்று அன்ரன் அடித்ததில் பாதி எதிராளியின் காலுக்குப் போனது. எனக்கு எரிச்சல். அன்ரனுக்கு ஒரு கவலையும் இல்லை.

"என்ரை பந்தில பிழை இல்லை சேர். அண்ணன் வரேல்லை, அவ்வளவுதான்."

ஒரே ஆட்கள்

மரியம்மாக்கா கேட்டது உறுத்தவே, இருவருக்கும் ஒரே முன்வரிசையைக் கொடுத்துப் பரீட்சித்தேன். அன்ரனின் அண்ணனும் அதில் இருந்தான். சேவியர் சோதனைச் சாவடியில் காத்திருந்து களைத்துத்தான் வந்தான். பந்து அவன் காலில் ஒட்டிக்கொண்டு நின்றது. ஆனால் நெருக்கம் வந்தபோதெல்லாம், தலையை நிமிர்த்தாமலே, ஆளில்லாத இடது மூலைக்கு நீளமாக அடித்தான். நான்கு தரம் பந்து வெளியே போனது. 'பார்வை போதாது' என்று தாளில் எழுதி, அன்ரனைத் தெரிவு செய்தேன். நியாயமாக நடந்த திருப்தி எனக்கு. சேவியர் சப்பாத்தைப் பையில் வைத்தான்.

"பாதை பூட்ட முன்னம் போகவேணும் சேர். நான் வெளிக்கிடட்டோ?"

வங்காலையில் ஒரு பின்னேரம்

அணி கொழும்புக்குப் போய்த் தோற்றுத் திரும்பிய பிறகு, வேறு அலுவலாக வங்காலைக்குப் போனேன். கோயில் பக்கத்து வெளியில் சேவியர் ஆடிக்கொண்டிருந்தான். அதே இடது மூலை, அதே நீளப் பந்து, ஆளில்லை. அவனுடைய ஆட்களில் ஒருவரும் ஏசவில்லை. ஒருவன் போய்ப் பந்தை எடுத்து வந்தான், ஆட்டம் நடந்தது. பக்கத்தில் நின்ற அவர்களுடைய கோல் காப்பாளனிடம் காரணம் கேட்டேன். அவன் சொன்னதைக் கேட்டபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

"அது யூட் நிக்கிற இடம் சேர். சின்னனிலயிருந்து இவன்ரை பந்தை வாங்கினவன் அவன்தான். வள்ளத்தில இந்தியாவுக்கு வெளிக்கிட்டு ஆறு மாசம். போய்ச் சேர்ந்ததா இன்னும் ஒரு கடிதமும் வரேல்லை."

பந்து கொடுக்கிறவனை எடைபோட முதல் அதை வாங்குகிறவனைப் பார்க்கவேண்டும் என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி; நானோ மைதானத்தில் நின்றவர்களை மட்டும்தான் பார்த்தேன்.