பத்து வயது ஊரின் பழைய வழக்கம்

போன கிழமை துணுக்காய்ப் பக்கம் போய்வந்தேன். பஸ் குலுக்கிய குலுக்கலில் இடுப்பு இன்னும் வலிக்கிறது. ஆனால் நான் எழுத வந்தது இடுப்பைப் பற்றி அல்ல...

கூட்டிக்கொண்டு போனவள் என் சிநேகிதி சரோ. கொழும்பில் படிப்பிக்கிறாள். லீவு கிடைத்தால் மற்றவர்கள் நுவரெலியாவுக்குப் போவார்கள். இவள் பிரச்சினை நடந்த ஊர்களுக்குப் போவாள். யார் யாரை ஒதுக்கினார்கள், ஏன் ஒதுக்கினார்கள் என்று இரண்டு பக்கமும் கேட்டு எழுதுவாள். அரசாங்கம் அனுப்பவில்லை. கட்சி அனுப்பவில்லை. அவளாகவே போகிறாள்.

நாங்கள் போனது ஒரு குடியேற்றத் திட்டம். காட்டை வெட்டி, குளத்தைத் திருத்தி, யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களுக்குக் காணி கொடுத்த இடம். எல்லோருக்கும் ஒரே அளவு வயல், ஒரே மாதிரி வீடு. சாதியை மட்டும் அவரவர் சொந்த ஊரிலிருந்து பத்திரமாகக் கொண்டுவந்திருக்கிறார்கள்!

கடைசி வாய்க்கால் ஓரத்தில் பாக்கியத்தின் வீடு. அவளுக்கு முப்பது வயது இருக்கும். எங்களுக்குப் பாய் விரித்துவிட்டு, தான் வாசற்படியில் இருந்தாள். சரோ போய் அவள் பக்கத்தில் இருந்தாள். பிறகுதான் கதை வந்தது.

கோடையில் அந்தப் பக்கக் கிணறு வற்றிவிடும். அரசாங்கம் வெட்டிய பொதுக் கிணற்றில்தான் தண்ணீர். பொதுக் கிணறுதான் — ஆனால் பாக்கியத்தின் ஆட்கள் வாளியைத் தொடக்கூடாது. யாராவது அள்ளி ஊற்றும்வரை குடத்தோடு தள்ளி நிற்க வேண்டும்.

போன வைகாசியில் ஒருநாள் அவள் அப்படி நின்றாள். அள்ளி ஊற்ற ஆளில்லை. ஊரே வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குப் போயிருந்தது.

"வெயில் உச்சிக்கு வந்திட்டுது ரீச்சர். வீட்டிலை பிள்ளை தண்ணி தண்ணியெண்டு அழுகுது. நானே அள்ளினனான்."

ஊரில் மிஞ்சி நின்ற யாரோ பார்த்துவிட்டார்கள். மறுநாள் கிணற்றை இறைத்துக் கழுவினார்கள். அன்று தொடக்கம் அவளுடைய பக்கத்துக்குத் தண்ணீர் ஊற்றுவதையும் நிறுத்திவிட்டார்கள். புருஷன் போய் முறையிட்டான். ஊருக்குப் பொறுப்பான அரசாங்க உத்தியோகத்தர், விதானையார், வந்தார். கிணற்றுக்குப் பக்கத்தில் குடியிருந்து வாளியை வைத்திருக்கும் கிணற்றடிக்காரர் வீட்டில் தேத்தண்ணி குடித்தார். போய்விட்டார்.

பிறகென்ன? எருமை படுக்கும் குளத்தில், கலங்கிக் கிடந்த தண்ணீரைத்தான் குடித்தார்கள்.

பிள்ளைக்கு வயிற்றோட்டம் கண்டது. புருஷன் சைக்கிளை உழக்க, பாக்கியம் பின்னால் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார்கள். காட்டு வழி. அவன் மூச்சு வாங்க வாங்க உழக்கினானாம்.

"பாதி வழியிலை நான் சொன்னன், 'இனி மெள்ள உழக்குங்கோ' எண்டு. அவருக்கு விளங்கீற்றுது."

சரோ எழுதுவதை நிறுத்திவிட்டாள்.

மத்தியானம் கிணற்றடிக்காரர் சின்னத்துரை வீட்டுக்குப் போனோம். நல்ல மனுசன் மாதிரித்தான் இருந்தார். கதிரை போட்டார். மோர் தந்தார்.

"அந்தப் பிள்ளை செத்தது எனக்கும் கவலைதான்," என்றார். "ஆனா நானோ சட்டம் போட்டனான்? இது ஊர் வழக்கம்."

"ஊர் எப்ப உண்டானது, ஐயா?" என்றாள் சரோ.

"இப்ப ஒரு பத்து வருசமிருக்கும். நாங்கள் வரேக்கை முழுக்கக் காடு. யானை நிண்ட இடம்."

ஊருக்கே பத்து வயது. வழக்கத்துக்கு மட்டும் எங்கிருந்து வந்தது இவ்வளவு வயது? சரோ இதைக் கேட்கவில்லை. கேட்க வந்தவள் வாதாடக்கூடாதாம். எனக்குத்தான் வாய் துடித்தது.

வாசல் படலையடியில் அவருடைய மனைவி எங்களுக்குப் பின்னால் ஓடிவந்தார். கண் கலங்கியிருந்தது.

"நான் அண்டைக்குக் கோயிலிலை, பிள்ளையள். இஞ்சை நிண்டிருந்தா அள்ளி ஊத்தியிருப்பன்."

"அதுக்குப் பிறகும் ஊத்தியிருக்கலாமே, அம்மா?" என்றாள் சரோ, மெதுவாக.

அவர் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "இவர் விடேல்லை... நானும் கேட்டுப் பாக்கேல்லை," என்றார். பிறகு சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இரண்டு பக்கமும் அழுகிறார்கள். வாளி மட்டும் கை மாறவில்லை. கெட்டவர்கள் செய்கிற கொடுமையை எதிர்த்து நிற்கலாம். நல்லவர்கள் வழக்கம் என்று செய்வதை என்ன செய்வது?

பஸ்ஸுக்கு முன் மறுபடி பாக்கியத்திடம் போனோம். இதையெல்லாம் பிரசுரித்தால் ஊரில் அவளுக்குக் கரைச்சல் வரலாம் என்று சரோ விளக்கினாள். நான் பத்திரிகையில் எழுதுகிறவள் என்பதையும் சொன்னாள். ஊரின் பேரைப் போடமாட்டோம், உன் பேரையும் மற்றவர்கள் பேரையும் மாற்றிவிடுகிறோம் என்றோம்.

"ஓம், என்ரை பேரை மாத்துங்கோ. என்ரை மனுசன்ரை பேரும் வேண்டாம்," என்றாள். "பிள்ளையின்ரை பேரை மட்டும் சரியாப் போடுங்கோ. அவளை இனி ஆரும் ஒண்டும் செய்யேலாது."

அவள் பெயர் தவமணி.